வயதான நாய்க்கு உகந்த பருவம் மார்கழி

திருக்கார்த்திகை முடிந்து மழை ஓயத் தொடங்கியதும், கிராமத்தில் வயதான நாய் வைத்திருப்பவர்கள் பலர் அதைக் கொட்டகை மூலையில் கட்டிப்போட்டு, பனிக்காலம் கழியட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். அக்கறையோடு செய்வதுதான், ஆனால் கணக்கு தலைகீழ். ஒன்பது, பத்து வயதைக் கடந்த நாய்க்குத் தமிழகத்துச் சமவெளியில் ஆண்டிலேயே நல்ல பருவம் இனி வரும் இரண்டு மாதங்கள்தான். நாய்க்கு நம்மைப்போல உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் அது உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடும் வெயிலில், இதயமும் நுரையீரலும் தளர்ந்த நாய்க்கு அந்த இரைப்பே பெரும்பாடு. ஐப்பசி, கார்த்திகையிலோ சேறும் உண்ணியும் தேங்கிய நீரும். மார்கழி, தைப் பகல்கள் 30 டிகிரியை ஒட்டியே நிற்கின்றன. மூச்சு முட்டாமல் அது உங்களோடு வயல்வரை வந்து திரும்பக்கூடிய நாட்கள் இவை. இடைஞ்சல் செய்பவை இரண்டே: இரவில் குளிர்ந்துபோகும் தரையும், உடம்பில் தங்கும் ஈரமும். இவ்விரண்டையும் இந்த வாரமே சரிசெய்துவிட்டால், பருவம் முழுவதும் நாயோடு சேர்ந்து அனுபவிப்பதற்குரியது.

முதலில் படுக்கை. பனி விழும் இரவுகளில் கிராமத்து நாய் தேடிப்போகும் இடங்களைக் கவனித்தால் அதற்கு வேண்டியது புரியும்: அடுப்புச் சாம்பல் கொட்டிய மேடு, வைக்கோற்போரின் அடி, பகல் வெயிலைத் தேக்கிவைத்திருக்கும் தார்ச்சாலை. மூன்றும் காய்ந்தவை, வெதுவெதுப்பானவை. நாம் கொடுக்கும் சிமென்ட் தரையோ உடற்சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். வயதான நாயின் முழங்கையைத் தடவிப் பாருங்கள். முடி உதிர்ந்து, தோல் கறுத்து, காய்ப்பு ஏறியிருந்தால், நெடுநாளாகக் கடினமான தரையில் படுத்துவருகிறது என்று பொருள். ஒரு பழைய பலகையைச் செங்கல் வைத்து நான்கு விரற்கடை உயர்த்துங்கள். அதன்மேல் வைக்கோலைக் கனமாகப் பரப்பி, சாக்கு விரித்துவிட்டால் போதும். சாக்கையும் வைக்கோலையும் இரண்டு நாளுக்கு ஒருமுறை வெயிலில் உலர்த்தி, உதறிவிட்டு விரியுங்கள். மழைக்குப் பின் பாம்பும் தேளும் காய்ந்த இடம் தேடி அண்டும். இரவில் வாசற்கதவைச் சாத்தி நாயை உள்ளே வைத்துக்கொள்வதும் அவசியம். காது மந்தமான நாய் தார்ச்சாலையில் கதகதப்புக்காகப் படுத்திருந்தால், வண்டிச் சத்தம் கேட்டு எழுந்திருக்காது.

“நாட்டு நாய்க்கு இதெல்லாம் எதற்கு? திறந்தவெளியில் வளர்ந்த உடம்பு, பனி பழகியதுதானே?” என்று கேட்பார்கள். பழகியது இளமைக்கால உடம்பு. உடலுக்குச் சூடு தருவதில் தசைக்குப் பெரும்பங்கு உண்டு. வயதாக ஆகத் தொடைத்தசை வற்றி, இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு தெரியும். அந்த நாய் ஐந்து ஆண்டுகளுக்கு முன் தாங்கிய பனியை இன்று தாங்காது. அதிலும் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நம் வேட்டை நாய்கள் குட்டை முடியும் மெல்லிய தோலும் கொழுப்பில்லாத உடற்கட்டும் கொண்டவை. வெயிலில் ஓடுவதற்கு அமைந்த உடல்வாகு அது. உறைபனி விழும் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இத்தகைய நாயை இரவில் வீட்டுக்குள்தான் படுக்கவைக்க வேண்டும். துணி போர்த்துவது நல்லதே. பனியில் நனைந்துவிட்டால் உடனே கழற்றிவிடுங்கள், ஈரத்துணி வெறும் உடம்பைவிட மோசம்.

அடுத்த மறுப்பு, “வயதாகிவிட்டது, படுத்துக் கிடக்கட்டும்” என்பது. காலையில் நாய் எழும் விதத்தைப் பாருங்கள். முன்னங்காலை ஊன்றி, பின்பக்கத்தைச் சிரமப்பட்டுத் தூக்கி, முதல் சில அடிகள் மரக்கட்டைபோல எடுத்துவைக்கும். கொஞ்ச தூரம் நடந்தபின் நடை இளகிவிடும். மூட்டுத் தேய்மானத்தின் வழக்கமான அடையாளம் இது. அசைவு மூட்டை இளக்குகிறது, மூட்டைத் தாங்கும் தசையையும் காக்கிறது. படுக்கவே விட்டால் தசை மேலும் வற்றி, வலி கூடும். ஆகவே ஒரே நீண்ட நடையாக இல்லாமல், பனி விலகியபின் காலை எட்டு மணிவாக்கில் ஒன்று, பொழுது சாயுமுன் ஒன்று என இரண்டு குறுநடைகள் போதும். வேகத்தை நாயே தீர்மானிக்கட்டும். பார்வை மங்கினாலும் மோப்பம் பெரும்பாலும் துணைநிற்கும். சம்பா வயல் வரப்பில் ஒவ்வொரு நண்டு வளையிலும் எலி வளையிலும் அது மூக்கை நுழைத்து நிற்கும்போது கயிற்றை இழுக்காதீர்கள், அந்த நடையின் பயனே அதுதான். ஆனால் தேங்கிய நீரைக் குடிக்க விடவேண்டாம். எலிச் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் தொற்றும். அதற்கான ஆண்டுத் தடுப்பூசி விட்டுப்போயிருந்தால் இப்போதே போடுங்கள். வீடு திரும்பியதும் வயிற்றையும் கால்விரல் இடுக்குகளையும் காய்ந்த துணியால் துடைத்து, உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். நகம் வளர்ந்து வளைந்திருந்தால் வெட்டிவிடுங்கள், டைல்ஸ் தரையில் வழுக்கிவிழுவது குறையும்.

குளிருக்குத் தெம்பு வேண்டுமென்று நெய்ச்சோறும் பொங்கலும் அள்ளிவைப்பதும் தவறான அன்பே. 48 லாப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுவதும் கவனித்து 2002இல் வெளியான ஆய்வில், 25 சதவீதம் குறைவாக உண்ட நாய்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு நோயும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. அளவறிய விலாவைத் தடவினால் போதும். எலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டும், துருத்திக்கொண்டும் இருக்கக்கூடாது. மெலிந்த நாய்க்கு முட்டையோ வேகவைத்த கோழியோ கொஞ்சம் கூட்டலாம். நெய் மிகுந்தால் கணையம் அழலும். வெங்காயம் இரத்த அணுக்களைச் சிதைக்கும். குளிர்நாளில் தண்ணீர் குடிப்பது குறையுமென்பதால், சோற்றில் வெதுவெதுப்பான நீர் கலந்து வையுங்கள்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க இடமில்லை. நொண்டுகிறதே என்று நம் வீட்டு வலி மாத்திரையைக் கொடுக்காதீர்கள். டைக்ளோபினாக்கும் ஐபுபுரூபனும் நாயின் குடலைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தைப் பழுதாக்கும். நாய்க்கென்றே பாதுகாப்பான வலி மருந்துகள் உண்டு. எடையும் இரத்தப் பரிசோதனையும் பார்த்துக் கால்நடை மருத்துவர்தான் அவற்றைத் தரவேண்டும். பெரிய இன நாய்கள் பெரும்பாலும் பத்திலிருந்து பதின்மூன்று ஆண்டுவரையே வாழ்கின்றன. பத்து வயது நாய்க்கு இன்னும் எத்தனை மார்கழி என்பது உறுதியில்லை. அதனால்தான் இந்தப் பருவத்தைக் கட்டுத்தறியில் கழிக்கவிடலாகாது. இன்று பலகையை உயர்த்துங்கள், இந்த வாரம் மருத்துவரிடம் காட்டுங்கள், நாளைக் காலை வெயில் ஏறியதும் கூட அழைத்துக்கொண்டு புறப்படுங்கள்.