அழைக்கும் சொல்

கடைத்தெருவில் நடந்து செல்கிறோம். "வாங்கம்மா, சும்மா பாத்துட்டுப் போங்க" என்று ஒரு கடைக்காரர் அழைக்கிறார். நம் கால்கள் தாமாகவே உள்ளே திரும்புகின்றன. அடுத்த கடைக்காரரோ, "என்ன வாங்கப் போறீங்க?" என்று கேட்கிறார். "ஒன்றுமில்லை" என்று நகர்ந்துவிடுகிறோம். இரு கடைகளிலும் சரக்கு ஒன்றே. அழைத்த சொல்தான் வேறு.

இன்று கடைத்தெரு கைபேசித் திரைக்குள்ளும் வந்துவிட்டது. அங்கே கடைக்காரரின் குரலும் இல்லை, சிரித்த முகமும் இல்லை. ஒரு சிறு பொத்தானும், அதன்மேல் எழுதிய இரண்டு மூன்று சொற்களுமே அழைக்கின்றன. அச்சொற்களை எவ்வாறு எழுதுவது? மாணவியரே, இரண்டு உண்மை நிகழ்ச்சிகளைக் காண்போம்.

2007ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட ஆதரவு திரட்டி வந்தார் பராக் ஒபாமா. அவருடைய இணையதளத்துக்கு வருவோரிடம் மின்னஞ்சல் முகவரி கேட்கப்பட்டது. பொத்தானில் எந்தச் சொல்லை இடுவது? நான்கு சொற்றொடர்களையும், படங்களும் காணொளிகளுமாக ஆறு காட்சிகளையும் மாற்றி மாற்றி, ஏறத்தாழ 3 லட்சம் பேருக்குக் காட்டிச் சோதித்தனர். "பதிவு செய்க" என்றிருந்த பழைய பக்கத்தில் நூற்றுக்கு 8 பேரே முகவரி தந்தனர். குடும்பப் படத்தின் கீழ் "மேலும் அறிக" என்று இட்டபோது நூற்றுக்கு 11 பேருக்கு மேல் தந்தனர். முன்னது வந்தவரிடம் ஒன்றைக் கேட்கிறது. பின்னது வந்தவருக்கு ஒன்றைத் தருகிறது.

மற்றொன்று, ஜாரெட் ஸ்பூல் என்னும் வல்லுநர் 2009ஆம் ஆண்டில் எழுதியது. ஒரு பெரிய விற்பனைத் தளத்தில், பொருளைத் தேர்ந்தவர் பணம் செலுத்துமுன் "பதிவு செய்க" என்ற பொத்தான் குறுக்கே நின்றது. பலர் சலிப்புற்றுத் திரும்பினர். அதை நீக்கித் "தொடர்க" என்று மாற்றினர்; கணக்குத் தொடங்காமலே வாங்கலாம் என்று ஒரு வரியும் சேர்த்தனர். வாங்குவோர் 45 விழுக்காடு கூடினர். முதல் ஆண்டிலேயே விற்பனை 30 கோடி டாலர் மிகுந்தது!

இவற்றிலிருந்து நாம் கற்பவை யாவை?

1. அழுத்தினால் என்ன கிடைக்கும் என்பதைச் சொல்லுங்கள். "இங்கே அழுத்தவும்" என்பதைவிட "விலைப்பட்டியலைப் பார்க்க" என்பது தெளிவு.

2. முதலில் சிறிய அடியையே கேளுங்கள். பார்க்க வந்தவரிடம் உடனே பணம் கேட்கலாகாது.

3. ஒரு பக்கத்தில் முதன்மையான அழைப்பு ஒன்றே இருக்கட்டும். பல குரல்கள் கூடினால் இரைச்சலே மிஞ்சும்.

4. அச்சத்தைப் போக்குங்கள். "அளவு சரியில்லையெனில் மாற்றித் தரப்படும்" என்ற ஒரு வரி, தயங்கும் விரலுக்குத் துணிவு தரும்.

5. உண்மையே சொல்லுங்கள்.

ஐந்தாவதே தலையாயது. ஆயிரம் இருக்கையில் "இன்னும் இரண்டே உள்ளன" என்று பதறவைப்போர் உண்டு. மறுக்கும் பொத்தானில் "வேண்டாம், எனக்குச் சேமிக்கத் தெரியாது" என்று எழுதி நாணச் செய்வோரும் உண்டு. நம் நாட்டு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023ஆம் ஆண்டில் இத்தகைய 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடைசெய்துள்ளது. பொய்யான அவசரமும், நாணவைக்கும் சொல்லும் அப்பட்டியலில் உள்ளன. பெற்றோரே, அடுத்த முறை திரை உங்களை விரைவுபடுத்தினால், ஒரு நொடி நின்று படியுங்கள்.

ஒரு பயிற்சி: உங்கள் அம்மா தைக்கும் கைப்பைகளை இணையத்தில் விற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். பொத்தானுக்கு மூன்று சொற்களுக்கு மிகாமல் எழுதுங்கள். எழுதியதும் உங்களையே கேளுங்கள்: "அம்மாவின் வாடிக்கையாளர் எதிரில் நின்றால், இதே சொல்லை அவர் முகம் பார்த்துச் சொல்வேனா?" சொல்வீர்கள் எனில், அதுவே நல்ல அழைப்பு. பொத்தான் என்பது வாக்குறுதி. அழுத்தியவர் ஏமாறாதபோதுதான் மறுமுறையும் வருவார்.