ஒரு லுங்கியில் ஜன்னல் திரை: தையல் தொடங்குபவர்களுக்கு வழிகாட்டி

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வாடகைக்கு வருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்: ஜன்னலைத் திறந்தால் உருக்காலைப் புகையும் லாரிப் புழுதியும் வரும், மூடினால் வெக்கை. கனத்த பாலியஸ்டர் திரை போட்டால் காற்றும் நின்றுவிடும். இந்த ஊருக்கு மெல்லிய பருத்தித் திரைதான் சரி. வாராவாரம் கழற்றித் துவைக்கலாம், இரவுக்குள் காய்ந்துவிடும். அதைக் கட்டம் போட்ட லுங்கியில் நீங்களே தைத்துவிடலாம்.

ஏன் லுங்கி?

தையல் கற்பவர்களுக்கு மெஷினைவிடப் பெரிய சிரமம் துணியை நேராக வெட்டுவது. கட்டம் போட்ட லுங்கியில் அந்தக் கவலை இல்லை. கோட்டைப் பிடித்து வெட்டலாம், கோட்டைப் பார்த்தே தைக்கலாம். ஸ்கேலும் சாக்பீஸும் அதிகம் தேவைப்படாது. நூலிலேயே சாயம் ஏற்றி நெய்த கட்டம் என்பதால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். தெருவிலிருந்து பார்த்தாலும் அறைக்குள்ளிருந்து பார்த்தாலும் திரை அழகுதான். அச்சடித்த லுங்கியில் இது வராது.

துணி இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. பழவேற்காட்டில் 1613இல் கெல்ட்ரியா கோட்டை கட்டிய டச்சுக்காரர்கள், இந்தக் கரையில் நெய்த துணிகளைத் தென்கிழக்காசியாவுக்குக் கொண்டுபோய் விற்று வாசனைப் பொருள் வாங்கினார்கள். மாவட்டத்தின் மேற்கே அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு பக்கம் இன்றும் தறிகள் ஓடுகின்றன. திரைத்துணி தேடி வண்ணாரப்பேட்டைக்கு ரயிலேற வேண்டாம் என்பேன்.

கடையில் 'மூட்டாத லுங்கி' என்று கேளுங்கள். நீளம் 2 மீட்டர், அகலம் சுமார் 48 முதல் 50 இன்ச் இருக்கும்.

தைப்பதற்கு முன்

துணியைத் தனியாக ஒரு இரவு ஊறவைத்து, அலசி, காயவைத்து, இஸ்திரி போடுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. பருத்தி முதல் துவையலில் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் திரை ஜன்னலுக்கு எட்டாது.

மெஷினுக்கு 14ஆம் நம்பர் ஊசி போதும். கால் மெஷினில் பழகுகிறவர்கள் முதலில் நூல் கோக்காமல் ஒரு பழைய துணியில் மிதித்துப் பாருங்கள். சக்கரம் உங்களை நோக்கிச் சுற்ற வேண்டும். பின்னோக்கிப் போனால் நூல் சிக்கி அறும். மெஷின் இல்லாவிட்டால் இரட்டை நூலில் பின்தையல் போடுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் உறுதியாக நிற்கும். தையல் பயிற்சிச் சான்றிதழ் பெற்ற ஏழைப் பெண்களுக்குச் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் அரசு இலவச மெஷின் தருகிறது. மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

ஜன்னல் திரை

4 அடி அகலம், 3½ அடி உயரம் உள்ள ஜன்னலுக்கு ஒரு லுங்கி சரியாக வரும்.

1. லுங்கியைப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். அதன் நீளம் இப்போது திரையின் அகலம். சுருக்கம் விழ அந்தக் கூடுதல் துணி வேண்டும். ஜன்னல் அளவுக்கே துணி இருந்தால் திரை பலகை மாதிரி நிற்கும்.

2. நடுவில் ஒரு கட்டக் கோட்டைப் பிடித்து இரண்டாக வெட்டுங்கள்.

3. ஒவ்வொரு துண்டிலும் பக்கவாட்டு ஓரங்களை முதலில் கால் இன்ச், பிறகு அரை இன்ச் மடித்துத் தையுங்கள். மேலும் கீழும் நெய்த கரையே இருப்பதால் அங்கே பிசிறு வராது.

4. கீழ்க்கரையை 2 இன்ச் ஒரே மடிப்பாக மடித்துத் தையுங்கள். அந்தக் கனம்தான் காற்றில் திரையைப் பறக்கவிடாமல் பிடிக்கும்.

5. மேல்கரையை 1½ இன்ச் மடித்து, கரையை ஒட்டியே தையுங்கள். இரு முனைகளையும் மூடிவிடாதீர்கள். ஸ்பிரிங் கம்பி அந்த வழியாகத்தான் நுழைய வேண்டும். பக்க ஓரங்களை முதலில் தைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

ஒவ்வொரு தையலின் தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டு மூன்று தையல் முன்னும் பின்னுமாகப் போட்டுக் கெட்டிப்படுத்துங்கள். கம்பியை ஜன்னல் அகலத்தைவிடச் சற்றுக் குறைவாக வெட்டினால்தான் இழுத்து மாட்டும்போது தொய்யாது.

இரவு ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர் வீட்டில் இருந்தால், அடர் நீலமோ பச்சையோ வாங்கி இரண்டு லுங்கிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைத்துக் கொடுங்கள். அவருடைய உறக்கத்துக்கு அந்தக் கூடுதல் செலவு தகும்.

குஷன் உறை

திரை கைவந்துவிட்டால் இது சுலபம். ஜிப், பட்டன் எதுவும் வேண்டாம். 16 இன்ச் குஷனுக்கு 17 இன்ச் அகலம், 39 இன்ச் நீளத்தில் துண்டு வெட்டுங்கள். இன்னொரு லுங்கியில் இப்படி நான்கு கிடைக்கும். குறுகிய இரு முனைகளையும் ஒரு இன்ச் மடித்துத் தையுங்கள். பிறகு இரு முனைகளையும் நடுவுக்குக் கொண்டுவந்து, 5 இன்ச் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி மடித்தால் 16 இன்ச் சதுரம் வரும். திறந்திருக்கும் இரு பக்கங்களையும் அரை இன்ச் விட்டுத் தைத்து, உள்ளே வெளியே புரட்டுங்கள். மூலைகளைப் பென்சில் முனையால் அல்ல, மழுங்கிய குச்சியால் தள்ளுங்கள், புதுத்தையல் கிழியாது.

மீதியாகும் நீளத் துண்டுகளை நான்காக மடித்துத் தைத்தால் திரையைக் கட்டும் நாடா ஆகும்.