இடி மின்னலுக்கு நடுவே மெதுவாகச் செல்லும் மோர்ஸ்



2007ஆம் ஆண்டு ஜெனீவாவில் கூடிய உலக வானொலித் தொடர்பு மாநாடு, 135.7 முதல் 137.8 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒரு குறுகிய பட்டையை, கதிர்வீச்சுத் திறன் ஒரு வாட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்புடன் பொழுதுபோக்காக நிலையம் இயக்கும் ஹாம் வானொலியாளர்களுக்கு ஒதுக்கியது. பட்டையின் மொத்த அகலம் 2.1 கிலோஹெர்ட்ஸ் மட்டுமே என்பதால், ஒரு தொலைபேசிக் குரலுக்குக்கூட அதில் இடம் போதாது. அலைநீளமோ ஏறத்தாழ 2,200 மீட்டர். அதில் கால் பங்கு உயரமுள்ள முறையான ஆன்டெனா வேண்டுமென்றால் 550 மீட்டர்க் கம்பம் நட வேண்டும், பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரமே 452 மீட்டர்தான். திருநெல்வேலிக்கு அருகே விஜயநாராயணத்தில் 1990இல் தொடங்கப்பட்ட ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம், இந்தப் பட்டையைவிடவும் தாழ்ந்த 18.2 கிலோஹெர்ட்ஸ் அளவில் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புவதற்காக 471 மீட்டர் உயரக் கம்பங்களை எழுப்பியுள்ளது. அது ஓர் அரசின் கடற்படைக்கு இயலும் காரியம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்து ஆயர் தாவாரில் ஒரு வீட்டின் பின்புறம் 12 மீட்டர் உயரத்தில் கம்பி கட்டி, அதன் உச்சியில் கிடைமட்டக் கம்பிகளைச் சேர்த்தாலும், அதன் கதிர்வீச்சு மின்தடை ஓர் ஓமில் இருபதில் ஒரு பங்கைத் தொடாது; நிலத்தின் இழப்பு 50 ஓம் என்று கொண்டால், ஊட்டப்படும் 200 வாட்டில் 0.2 வாட் அளவே அலையாகப் புறப்படும், மற்றதெல்லாம் மண்ணையும் ஆன்டெனாவோடு இணைத்த சுருளையும் சூடாக்கியே தீரும். செம்பனை மரங்கள் கம்பியை நெருங்கி நின்றால் அவற்றின் ஈரமும் மின்புலத்தை உறிஞ்சும் என்பதால், தோட்டத்து ஓரத்தைவிடத் திறந்த திடலே ஏற்ற இடம்.

இவ்வளவு நலிந்த அலையைத் தொலைவில் பிடிக்க வழி, வேகத்தை விட்டுக்கொடுப்பதே. நிமிடத்திற்கு 12 சொல் என்ற வேகத்தில் அனுப்பும் மோர்ஸில் ஒரு புள்ளி 0.1 விநாடி நீடிக்கும், அதற்கு ஏறத்தாழ 10 ஹெர்ட்ஸ் அகலம் தேவை. புள்ளியை 3 விநாடியாக நீட்டினால் 0.33 ஹெர்ட்ஸ் அகலமே போதும். ஏற்பியின் சன்னலை முப்பதில் ஒரு பங்காகச் சுருக்கும்போது உள்ளே புகும் இரைச்சலும் அதே விகிதத்தில் குறைவதால், அனுப்பும் திறனை 30 மடங்கு, அதாவது சுமார் 15 டெசிபெல், உயர்த்தியதற்கு அது சமமாகிறது. இதைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ள முடியாது. கணினி ஒலியைப் பகுத்து, காலம் குறுக்கிலும் அதிர்வெண் நெடுக்கிலும் அமைந்த படமாக வரையும், அந்தப் படத்தைக் கண் படிக்கும். மெதுவாக அனுப்பக் கோரும் ‘கியூஆர்எஸ்’ என்ற பழைய தந்திக் குறியோடு இன்னொரு ‘எஸ்’ சேர்த்து இம்முறைக்குக் ‘கியூஆர்எஸ்எஸ்’ என்று பெயரிட்டனர்.

இம்முறையில் அலையை ஏற்றியும் அணைத்தும் அனுப்புவது எளிய வகை. அதிர்வெண் பெயர்ச்சி வகைகளில் ஒன்று, அலையை அணைக்காமலே, புள்ளிக்கும் கோட்டுக்கும் ஓர் அதிர்வெண், இடைவெளிக்குச் சற்று விலகிய மற்றோர் அதிர்வெண் என்று மாற்றுகிறது. ‘டிஎஃப்சிடபிள்யூ’ என்று சுருக்கமாகக் குறிக்கப்படும் இரட்டை அதிர்வெண் மோர்ஸ் அதைவிடத் துணிச்சலானது. அதில் புள்ளியும் கோடும் ஒரே நீளம் கொண்டவை. கோடு சற்று மேலும் புள்ளி சற்றுக் கீழும் விழும். மேற்கு மலேசிய ஹாம் நிலையங்களின் முன்னொட்டான 9எம்2 என்பதை மூன்று விநாடிப் புள்ளியுடன் வழக்கமான மோர்ஸில் அனுப்பினால் 135 விநாடி ஆகும். இரட்டை அதிர்வெண் முறையில், குறிகளுக்கிடையே ஒரு விநாடியும் எழுத்துகளுக்கிடையே 3 விநாடியும் விட்டாலும் 51 விநாடியில் முடிந்துவிடும்.

காலச் சேமிப்பைவிடப் பேராக் மாநிலத்திற்குப் பெரிது வேறொரு நன்மை. உலகில் மின்னல் மிகுந்த நாடுகளில் மலேசியாவும் ஒன்று. மின்னல் எழுப்பும் வானொலி இரைச்சல் தாழ் அதிர்வெண்களில்தான் மிகவும் பலமானது. படத்தில் ஒவ்வொரு மின்னலும் எல்லா அதிர்வெண்களையும் வெட்டும் செங்குத்துக் கீற்றாக விழுந்து, அந்தக் கணத்தில் அலையை மறைத்துவிடுகிறது. ஏற்றி அணைக்கும் முறையில் ஒரு நீண்ட கோட்டின் நடுவே கீற்று விழுந்தால் அது இரண்டு புள்ளிகளாகத் தோன்றி எழுத்தே மாறிவிடக்கூடும். இரட்டை அதிர்வெண் முறையிலோ செய்தி நீளத்தில் இல்லாமல் உயரத்தில் இருப்பதால், நடுவில் உடைந்த கோடும் கோடாகவே தெரிகிறது. ‘எம்’ என்ற எழுத்து தனியே வந்தால் அது இரண்டு கோடா, இரண்டு புள்ளியால் ஆன ‘ஐ’ எழுத்தா என்று ஒப்பிட்டுச் சொல்ல வழியில்லை என்பது இம்முறையின் குறை. ஆயினும் அழைப்புக்குறியில் இருவகைக் குறிகளும் கலந்தே வருவதால் இது பெரிதாகத் தொல்லை தருவதில்லை. மின்னல் மிகுந்த நாட்டினர் முதலில் கற்க வேண்டியது இம்முறையே.

இதற்கான அலையை உருவாக்க ஏடி9850 என்ற சிப்பும் அதை இயக்க அர்டுயினோ என்ற கட்டுப்பாட்டுப் பலகையும் போதும். அந்தச் சிப், 125 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத் துடிப்பை அடிப்படையாகக் கொண்டு, 32 பிட் நீளமுள்ள ஓர் எண்ணுக்கேற்ப அலையின் வடிவத்தைக் கணக்கிட்டு வெளியிடும். வேண்டிய அதிர்வெண்ணை 2இன் 32ஆம் அடுக்கால் பெருக்கிக் கடிகார அதிர்வெண்ணால் வகுத்தால் அந்த எண் கிடைக்கும்: மெதுவான மோர்ஸுக்குப் பல நாட்டினர் மையமாகக் கொள்ளும் 137.7 கிலோஹெர்ட்ஸுக்கு அது 4,731,336. எண்ணை ஒன்று கூட்டினால் அதிர்வெண் 0.029 ஹெர்ட்ஸ் உயரும் என்பதால், கோட்டை ஒரு ஹெர்ட்ஸ் மேலே வைக்க 34 கூட்டினால் போதும். எண் மாறும்போது அலை அறுபடாமல் தொடர்வது இச்சிப்பின் சிறப்பு, ஆகவே தாவலின்போது ‘கிளிக்’ ஓசை எழுவதில்லை.

இரு அதிர்வெண்களின் இடைவெளி, ஒன்றைப் புள்ளி நேரத்தால் வகுத்துக் கிடைப்பதைப்போல் மூன்று நான்கு மடங்கு இருந்தால் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்: 3 விநாடிப் புள்ளிக்கு ஒரு ஹெர்ட்ஸ், 30 விநாடிப் புள்ளிக்கு 0.1 ஹெர்ட்ஸ். பின்னதற்குச் சிப்பின் படிநிலை பருமனாகிவிடும். 16 மடங்கு உயர்ந்த அதிர்வெண்ணை உருவாக்கி ஓர் எண்ணிச் சுற்றால் 16ஆல் வகுத்தால் படிநிலை 0.002 ஹெர்ட்ஸுக்கும் கீழே இறங்கும். ஆனால் வகுப்பதால் கடிகாரப் படிகத்தின் நகர்வு விகிதம் குறைவதில்லை. பத்து லட்சத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலே 137.7 கிலோஹெர்ட்ஸில் 0.14 ஹெர்ட்ஸ் விலகும், 30 விநாடி முறையில் அது கோட்டையும் புள்ளியையும் குழப்பப் போதுமானது. வெப்பத்திற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் படிக அலையியற்றியைப் பூட்டி, மின்விசிறிக் காற்று படாத பெட்டிக்குள் வைத்துவிட்டு, கருவி சூடேறி நிலைகொண்ட பின்னரே அனுப்பத் தொடங்க வேண்டும். மூன்று விநாடி முறைக்கு இவ்வளவு கெடுபிடி தேவையில்லை. தொடக்கம் அங்கேயே இருக்கட்டும்.

திறன்பெருக்கியைப் பொறுத்தவரை, தொடர்ந்து இயங்கும் இம்முறையில் டிரான்சிஸ்டர்கள் ஓய்வின்றிச் சூடேறும் என்பதால் பெரிய வெப்பத்தகடும், மேலதிர்வெண்களைத் தடுக்கும் வடிகட்டியும் கட்டாயம். இடி கேட்டவுடன் ஆன்டெனாவைக் கருவியிலிருந்து கழற்றிவிட வேண்டும், இதில் துணிச்சலுக்கு இடமில்லை. மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் ஹாம் வானொலி உரிமம் கைக்கு வந்து, அதன் நிபந்தனைகளில் இந்தப் பட்டை இருப்பது உறுதியாகும் வரை, தம்பி, கருவியின் முனையில் கம்பிக்குப் பதிலாக 50 ஓம் மின்தடையைப் பூட்டி, வெளிவரும் அலையைக் கணினித் திரையில் பார்த்துப் பழகுக.