மலையகப் பாடசாலைகளில் மும்மொழிக் கல்வி: சில அடிப்படைகள்

நம் கல்லூரியின் விழா மலரிலே மலையகத் தோட்டப் பாடசாலைகளைப் பற்றிய கட்டுரை ஒன்று இடம்பெறுதல் பொருந்துமோ என்று சிலர் வினவக்கூடும். ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியா முதலிய இடங்களுக்கு ஆசிரியராகவும் வைத்தியராகவும் அரசாங்க உத்தியோகத்தராகவும் சென்று பணிபுரிந்தோர் பழைய மாணவருட் பலர். மலையகத்திலிருந்து வந்து நம்மோடு ஒரே வாங்கில் அமர்ந்து கற்றோரும் உளர். ஆதலின் அப்பிள்ளைகளின் கல்வி நமக்குப் புறம்பான பொருளன்று. அக்கல்வியின் பல கூறுகளுள்ளே மொழியும் எழுத்தறிவும் கற்பிக்கும் முறையை மட்டும் எடுத்துக்கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

எழுத்தறிவு ஏன் இங்கு உயிர்நிலையாகின்றது?

எழுத்தறிவு எங்கும் வேண்டப்படுவதே. எனினும் மலையகத்தில் அது மனிதரின் இருப்பையே நிருணயித்த வரலாறு உண்டு. கோப்பிக் காலந்தொட்டு, ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குச் செல்ல விரும்பிய தொழிலாளிக்குத் ‘துண்டு’ என்னும் சீட்டு வேண்டியிருந்தது. அவன் பட்ட கடன் அச்சீட்டிலே குறிக்கப்பட்டிருக்கும். கடனைப் புதிய தோட்டம் செலுத்தினால் ஆள் கைமாறுவான். தன்னைக் கட்டியிருந்த தொகை எவ்வளவு என்பதைத் தானே படித்தறிய இயலாதோரே பெரும்பாலோர். இத்துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

துண்டு ஒழிந்தபின்னும் தாளின் ஆட்சி ஒழிந்ததில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கிற்று. அடுத்த ஆண்டிற் பிறந்த சட்டத்தின்படி பதிவு பெற விரும்பினோர், மணமானவராயின் 7 ஆண்டும் மணமாகாதவராயின் 10 ஆண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமைக்குச் சான்று காட்ட வேண்டியவராயினர். தோட்டப் பதிவேட்டில் ஒருவிதமாகவும் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் வேறொருவிதமாகவும் ஒரே பெயர் எழுதப்பட்டிருந்தால், அவ்விருவரும் ஒருவரே என்று நிறுவுவது எத்துணை அரிது! 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் செய்த ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரை இரண்டு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. எஞ்சியோரின் பிரசாவுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை நீண்டது. இத்தனைக் காலமும் விண்ணப்பம், சான்றிதழ், கையொப்பம் என்பனவே மக்களின் தலையெழுத்தைத் தீர்மானித்தன. அவற்றைப் பிறர் எழுதப் பிறர் படித்தனர். உரியவரோ பெருவிரலை மையில் ஒற்றி நின்றார்.

இதனாலேயே, மலையகப் பாடசாலையில் மொழிக்கல்வியின் முதல் நோக்கம் பரீட்சைச் சித்தி அன்று, தன்னைப் பற்றி எழுதப்பட்டதைத் தானே படிக்கும் ஆற்றல் என்று நாம் கொள்கின்றோம். அத்தகைய தாள்கள் மூன்று மொழிகளில் வருவன. 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று. 1987இல் அரசியலமைப்பின் 13ஆந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாகவும் ஆங்கிலத்தை இணைப்பு மொழியாகவும் கூறிற்று. சட்டம் தந்த உரிமை நடைமுறையில் நிறைவுறும் வரைக்கும், நிறைவுற்ற பின்னரும், மும்மொழியறிவு இப்பிள்ளைகளுக்குக் கவசமாகும்.

தோட்டப் பாடசாலை வளர்ந்த வரலாறு

1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்யுங் கடமையைத் தோட்ட நிருவாகத்தின்மேற் சுமத்தியது. ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்பு என்பதே நெடுங்காலம் அதன் உருவம். கன்னங்கரா அவர்களின் தலைமையில் எழுந்த 1943ஆம் ஆண்டு அறிக்கை, ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழியே போதனாமொழியாதல் வேண்டும் என்று விதந்துரைத்தது. 1945 முதல் இலவசக் கல்வி நாடெங்கும் பரவியது. ஆயினும் அதன் நிழல் தோட்டங்களுக்குக் காலந்தாழ்த்தியே எட்டியது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் புறத்தே நின்றன. 1977 முதலாகவே அவை படிப்படியாகத் தேசியக் கல்வி முறைமையிற் சேர்க்கப்பட்டன. பின்னர்ப் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி ஜெர்மன் நாட்டு உதவியுடன் அமைந்து, மலையகத்து இளைஞரே மலையகத்து ஆசிரியராகும் வழியைத் திறந்தது. இன்று கட்டடமும் ஆசிரியரும் முன்னையினும் உளர். ஆதலின் ‘பாடசாலை உண்டா?’ என்ற பழைய வினாவோடு, ‘அங்கே எம்முறையாற் கற்பிக்கின்றோம்?’ என்ற வினாவையும் எழுப்புதல் வேண்டும்.

வாய்மொழியிலிருந்து ஏட்டுமொழிக்கு

முதலாவது அடிப்படை, எழுத்தறிவு பிள்ளை பேசும் மொழியில் தொடங்கவேண்டும் என்பது. 1953இல் யுனெஸ்கோ நிறுவனம் வெளியிட்ட அறிக்கையும் இதனையே வற்புறுத்தியது. மலையகப் பிள்ளையின் தாய்மொழி தமிழாதலின் இது தானே நிறைவேறிவிடும் என்று எண்ணுதல் தவறு. ‘அம்மா மலைக்குப் போயிருக்கு’ என்று பிள்ளை சொல்லும். அங்கே மலை என்றது கொழுந்தெடுக்கும் தேயிலை நிலத்தை. ‘தமிழ் பேசத் தெரியாதா?’ என்று ஆசிரியர் நகைப்பாராயின், அன்றே அப்பிள்ளையின் வாய் மூடிக்கொள்ளும். வாய் மூடிய பிள்ளைக்கு எழுத்து எவ்வாறு வரும்?

செய்யத்தக்கது யாதெனில், பிள்ளை சொன்ன வாக்கியத்தை அவ்வாறே கரும்பலகையில் எழுதுதல். அதன் அருகே ‘அம்மா மலைக்குப் போயிருக்கிறார்’ என ஏட்டுவழக்கையும் எழுதுதல். ‘இது நாம் பேசுவது, இது நாம் எழுதுவது’ என்று இரண்டையும் மதிப்போடு காட்டினால், பிழை என்ற அச்சமின்றி ஒரு நடையிலிருந்து மற்றொரு நடைக்குப் பிள்ளை செல்லும். தொடக்கச் சொற்களும் அவ்விடத்தனவாதல் நன்று. பனையையும் கடலையும் கண்டறியாத பிள்ளைக்கு அவற்றைப் பின்னர்க் காட்டலாம். கூடை, கொழுந்து, பீலி, லயம், பெரட்டு என்னும் சொற்களில் எழுத்துகள் முன்னரே உயிரோடு உறைகின்றன. பிரேசில் நாட்டில் பாவுலோ பிரேரே 1963இல் அங்கிகோஸ் என்னும் ஊரிலே தொழிலாளருக்கு எழுத்தறிவித்தபோது, அவர்தம் அன்றாட வாழ்விலிருந்து எடுத்த சொற்களையே அடிப்படையாகக் கொண்டார். நம் நாட்டிலும் ஆறுமுக நாவலர் பாலபாடங்களை எளிய வசனத்திற் படிமுறையாக அமைத்து, கற்போன் நிற்கும் படியிலிருந்து அடுத்த படிக்கு ஏற்றும் நெறியைக் காட்டினார். ஆங்கிலத்தையும் வடமொழியையும் அறிந்த அவர் பிள்ளைகளுக்குத் தமிழ் வசனத்தில் முதல் நூல் செய்தமை சிந்திக்கத்தக்கது.

ஒருமுறை கற்ற வாசிப்பு

இரண்டாவது அடிப்படை, வாசிப்பு என்னும் ஆற்றல் ஒருமுறையே கற்கப்படுவது என்பது. எழுத்து ஒலியைக் குறிக்கும், எழுத்துகள் சேர்ந்து சொல்லாகும், சொற்றொடர் கருத்தைத் தரும், படித்ததை மனத்தில் வைத்து மேலே படிக்கலாம் என்பனவற்றைப் பிள்ளை ஒரு மொழியிற் கண்டுகொண்டால், அடுத்த மொழியிற் புதிய எழுத்துருவை மட்டுமே கற்கவேண்டும். கனடா நாட்டுக் கல்வியாளர் ஜிம் கமின்ஸ் 1979இல், முதன்மொழியிற் பெற்ற ஆற்றல் இரண்டாம் மொழிக்குத் துணையாகின்றது என்று விளக்கினார்.

‘தமிழ் வீட்டிலே வரும், பாடசாலையில் ஆங்கிலத்தையே முதலிற் கற்பியுங்கள்’ என்று கேட்கும் பெற்றோரை நாம் குறைகூறோம். தம் பிள்ளை கொழுந்துக்கூடையைச் சுமக்கக்கூடாது என்னும் ஏக்கமே அவ்வாறு பேசுவிக்கின்றது. எனினும், பொருள் விளங்காத மொழியில் வாசிக்கத் தொடங்கும் பிள்ளை எழுத்தை ஒலிக்கப் பழகுமேயன்றிக் கருத்தைத் தேடப் பழகாது. ஈற்றில் ஆங்கிலமும் வாராமல் தமிழும் நில்லாமற் போதல் கூடும். ஆங்கிலம் வேண்டும் என்பதனாலேயே தமிழ் வாசிப்பை முதலில் உறுதியாக்க வேண்டும் என்பதைப் பெற்றோருக்குப் பொறுமையோடு எடுத்துரைத்தல் ஆசிரியர் கடன். இக்காலத்திற் பிற மொழிகளைக் காதாற் கேட்டு வாயாற் பேசுதற்குத் தடையில்லை. தடை, எழுத்தைக் குழப்புவதற்கே.

ஒப்பு நோக்கிக் கற்பித்தல்

மூன்றாவது அடிப்படை, மொழிகளைத் தனித்தனி அறைகளிற் பூட்டிவைக்காது ஒப்புநோக்கிக் கற்பித்தல். சிங்களம் வேறு மொழிக்குடும்பத்ததாயினும் அதன் வாக்கிய நடை தமிழுக்கு மிக அண்மையது. ‘மம கெதர யனவா’ என்பது ‘நான் வீட்டுக்குப் போகிறேன்’ என்பதன் ஒழுங்கிலேயே நிற்கின்றது. ஆங்கிலத்திலோ வினை நடுவே வந்துவிடும். இவ்வொற்றுமையை முதல் வாரத்திலேயே காட்டினால் பாதி அச்சம் தீரும்.

வேற்றுமையையும் அவ்வாறே காட்டல் வேண்டும். தமிழிற் போகிறேன், போகிறாய், போகிறான் என ஆளுக்கேற்ப வினை மாறும். பேச்சுச் சிங்களத்தில் நான், நீ, அவன் எல்லாருக்கும் ‘யனவா’ ஒன்றே. ஆனால் எழுத்துச் சிங்களத்தில் ‘மம யமி’, ‘அபி யமு’ என்று வினையின் ஈறு மாறுகின்றது. தோட்டத்துப் பேச்சிலிருந்து ஏட்டுத் தமிழுக்கு ஏறிப் பழகிய பிள்ளைக்கு, பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையே இத்தகைய ஏற்றம் சிங்களத்திலும் உண்டென்பது வியப்பாயிராது.

எழுத்தொலியிலோ பெரிய இடறல் ஒன்று உண்டு. தமிழிற் ககரம் ஒன்றே கண் என்னுஞ் சொல்லில் வல்லொலியாகவும் தங்கம் என்னுஞ் சொல்லில் மெல்லோசையுடனும் ஒலிக்கின்றது. சிங்களத்தில் அவ்விரு ஒலிக்கும் வெவ்வேறு எழுத்துகள். மரத்தைக் குறிக்கும் சொல்லும் மஞ்சளைக் குறிக்கும் சொல்லும் தமிழெழுத்தில் ‘கஹ’ என ஒன்றாகவே எழுதப்படும். சிங்களத்தில் முன்னது தங்கம் என்பதில் வரும் ஒலியோடும் பின்னது கண் என்பதில் வரும் ஒலியோடும் தொடங்கும். பிள்ளை இதில் மயங்குவது மந்தபுத்தியினால் அன்று. அவன் தமிழை நன்கு கற்றதனாலேயே மயங்குகின்றான். பல் – அம்பு, தண்ணீர் – பந்து என்னுஞ் சொற்களைச் சொல்லச் செய்து, இரண்டு ஒலியும் அவன் நாவில் முன்னரே உள்ளன என்று உணர்த்தினால் அம்மயக்கம் விரைவில் நீங்கும். தமிழைத் துணையாகக்கொண்டு சிங்களத்தைக் கற்பித்தல் என்பது இதுவே.

பயன்பாடும் பெயரும்

நான்காவது அடிப்படை, கற்ற எழுத்து உடனே பயன்படல் வேண்டும் என்பது. பஸ்ஸின் பெயர்ப்பலகை, வைத்தியசாலைச் சீட்டு, தபாற்கந்தோர்ப் படிவம், சம்பளத் துண்டு என்பனவே சிறந்த துணைப்பாடநூல்கள். மேல்வகுப்புகளில் விண்ணப்பம் ஒன்றினை மும்மொழியிலும் நிரப்பப் பயிற்றலாம். இவை யாவற்றினும் முதன்மையானது பிள்ளையின் பெயர். தன் பெயரையும் தாய் தந்தையர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் மூன்று எழுத்துருக்களிலும் மாறுபாடின்றி எழுதத் தெரியாமல் ஒரு பிள்ளையும் ஆரம்ப வகுப்பைக் கடத்தல் ஆகாது. பெயரெழுத்து மாறியதனால் முன்னோர் பட்ட பாட்டை அறிந்தார்க்கு இதனைச் சிறு பயிற்சி என்று கூற மனம் வாராது.

பயன்பாடு என்றதனால் இலக்கிய இன்பத்தை விலக்கினோமல்லேம். லயத்து முற்றத்திற் காமன் கூத்தும் பொன்னர் சங்கர் கதையும் கேட்டு வளர்ந்த பிள்ளை மொழிச்செல்வம் அற்ற பிள்ளை அன்று. தலைவர் கோ. நடேசய்யர் பத்திரிகை நடத்தியபோது, அவர் துணைவியார் மீனாட்சி அம்மையார் எழுத்தறியாதோரும் உணரும்படி பாட்டியற்றித் தோட்டந்தோறும் பாடினார். மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை 1947இற் பாராளுமன்றம் புகுந்தவர். அவர் தம் மக்களின் வாழ்வை 1954இல் ஆங்கிலக் கவிதையாக உலகிற்கு அளித்தார். அவர்தம் நாட்டார் பாடல்களைத் தமிழிலே தொகுத்தும் வைத்தார். பிறமொழி கற்றல் தன்மொழியை இழத்தலாகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இருபுற வழி

ஐந்தாவது அடிப்படை, மொழிக்கல்வி இருபுறமும் நிகழவேண்டும் என்பது. நுவரெலியா மாவட்டத்தில் தமிழ் பேசுவோரே பாதிக்கு மேற்பட்டவர். அங்குள்ள சிங்களப் பிள்ளை தமிழ் அறியாதும் தமிழ்ப் பிள்ளை மட்டும் சிங்களம் அறிந்தும் இருப்பின், மொழி ஒரு சாராரின் சுமையாகவே முடியும். இரண்டாம் தேசிய மொழி பாடத்திட்டத்தில் இடம்பெற்றுள்ளது. அதனைக் கற்பிக்க வல்ல ஆசிரியரோ போதியவர் அல்லர். தோட்டப் பாடசாலையும் அருகிலுள்ள சிங்கள வித்தியாலயமும் ஆசிரியரைப் பரிமாறிக்கொள்ளுதலும், பிள்ளைகளை விளையாட்டிலும் விழாவிலும் ஒன்றுகூட்டுதலும் பெருஞ் செலவின்றிச் செய்யத்தக்கன. அயற்பிள்ளையோடு விளையாடிக் கற்ற மொழி நாவிலே தங்கும்.

பழைய மாணவரே, நம்முள் ஆசிரியராயுள்ளோர் தோட்டத்துப் பிள்ளையின் பேச்சை இகழாது தொடங்குவார்களாக. பதிவுக் கந்தோர்களில் உள்ளோர் ஒரு பெயரை எழுதுமுன் உரியவரிடம் எழுத்தைக் கேட்டு எழுதுவார்களாக. வசதியுடையோர் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் எளிய வாசிப்பு நூல்களைத் தோட்டப் பாடசாலைகளுக்கு அனுப்புவார்களாக. மையொற்றிய பெருவிரலின் பேத்தி, தன் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை வாங்கி, அதிலுள்ள பிழையைத் தானே கண்டு, ‘ஐயா, இந்த எழுத்து இப்படியன்று’ என்று கூறும் நாளே நாம் கருதிய மொழிக்கல்வி நிறைவேறிய நாளாகும்.