நீரிறைக்கும் இயந்திரங்களில் சாவியும் கப்ளிங்கும்

பண்ருட்டி வட்டாரத்தில் கரும்பும் நெல்லும் மணிலாவும் பயிரிடுவோர் பெரும்பாலும் கிணற்று நீரையும் ஆழ்குழாய் நீரையுமே நம்பியிருக்கின்றனர். ஆகையால் மோட்டாரும் பம்பும் இங்கே ஏர்மாடுகளுக்கு ஒப்பான குடும்பச் சொத்தாகும். கதிர் பால் பிடிக்குந் தருணத்தில் பம்பு நான்கு நாள் நின்றுபோனால் அவ்வாண்டின் பலன் கெடும். அவ்வாறு நிற்பதற்குக் காரணம் பல சமயங்களில் மோட்டாரும் அன்று, பம்பும் அன்று. அவ்விரண்டையும் பிணைக்கும் விரலளவான ஓர் இரும்புத் துண்டே. அதனைப் பட்டறையில் 'கீ' என்பர். நாம் இங்குச் சாவி என்போம். இரு தண்டுகளை முனையோடு முனை சேர்க்கும் உறுப்பு கப்ளிங் எனப்படும். இவற்றின் அளவையும், பொருத்தும் முறையையும், பழுதின் அறிகுறிகளையும் நிலமுடையோர் அறிந்திருத்தல் நலம்.

இதன் பெருமையை அறிய நெய்வேலியைப் பார்த்தால் போதும். 1956-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட லிக்னைட் கார்ப்பொரேஷன், 1957-இல் அங்கே சுரங்க வேலையைத் தொடங்கிற்று. பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் மிகுந்த அழுத்தத்துடன் நிற்கும் ஊற்று நீரை இராப்பகலாக இறைத்து அழுத்தத்தைத் தணித்தாலொழிய, அந்நீர் சுரங்கத்தின் தரையை உடைத்து மேலெழும். அத்துணைப் பெரிய வேலையில் சுழலும் பம்புகளுக்கும், நமது வயலிலுள்ள ஐந்து குதிரைத்திறன் பம்புக்கும் இயந்திர விதி ஒன்றே.

சாவியின் வேலை

தண்டின் மேல் ஒரு பள்ளமும், அதன்மேல் ஏறும் கப்பி அல்லது கப்ளிங்கின் உட்புறத்தில் ஒரு பள்ளமும் வெட்டி, இரண்டிலும் பாதிப்பாதியாக அமரும்படி சாவியை வைப்பர். தண்டு சுழலும்பொழுது அதன் முறுக்கு முழுவதும் சாவியின் வழியாகவே செல்கிறது. அப்போது சாவிக்கு இருவகை அபாயம் உண்டு. ஒன்று, தண்டின் மேற்பரப்பு மட்டத்தில் கத்தரிக்கோலால் நறுக்கினாற்போல இரண்டாக வெட்டுண்பது. மற்றொன்று, பக்கவாட்டில் நசுங்கிப் பள்ளத்தையும் அகலப்படுத்துவது.

முறுக்கின் அளவை எவரும் கணக்கிடலாம். குதிரைத்திறனை 716-ஆல் பெருக்கி, நிமிஷத்திற்கு எத்தனை சுற்று என்பதால் வகுத்தால், முறுக்கு கிலோகிராம்-மீட்டர் அளவில் கிடைக்கும். 10 குதிரைத்திறன் மோட்டார் நிமிஷத்திற்கு 1,440 சுற்றுச் சுழலுமாயின் முறுக்கு ஏறத்தாழ 5 ஆகும். அதாவது ஒரு மீட்டர் நீளமுள்ள நெம்புகோலின் நுனியில் 5 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். ஆனால் 6 குதிரைத்திறனேயுள்ள ஆயில் எஞ்சின் நிமிஷத்திற்கு 650 சுற்றே சுழலுமாயின், அதன் முறுக்கு 6.6 ஆகிறது. திறன் குறைந்த எஞ்சினுக்கு முறுக்கு மிகுதியாயிருத்தல் கவனிக்கத்தக்கது. மெதுவாகச் சுழலும் எஞ்சினின் சாவியைக் குதிரைத்திறனை மட்டும் பார்த்துச் சிறிதாக வைப்பது பிழை.

அளவு

சாவியின் அகலம் தண்டின் குறுக்களவில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இருத்தல் பழைய விதி. நீளம் தண்டின் குறுக்களவைப்போல் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலிருந்தால், ஒரே எஃகாலான சாவியும் தண்டும் சமவலிமை உடையனவாகும். இக்காலத்து வரையறுத்த அளவுகளின்படி, 22 மில்லிமீட்டருக்கு மேல் 30 வரை குறுக்களவுள்ள தண்டுக்கு அகலம் 8, உயரம் 7 மில்லிமீட்டர். 30-க்கு மேல் 38 வரை அகலம் 10, உயரம் 8. 38-க்கு மேல் 44 வரை அகலம் 12, உயரம் 8.

பள்ளத்தை வேண்டியதற்குமேல் ஆழமாக வெட்டலாகாது. முறையாக வெட்டிய பள்ளமே தண்டின் வலிமையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துவிடும். பள்ளத்தின் அடிமூலை கூர்மையாயிருந்தால் அங்கிருந்தே வெடிப்புத் தொடங்கும். ஆதலால் மூலை சிறிது உருண்டிருத்தல் வேண்டும்.

ஒரு கணக்கு

மேற்சொன்ன 10 குதிரைத்திறன் மோட்டாரின் தண்டு 38 மில்லிமீட்டர் என்க. முறுக்கு 5 கிலோகிராம்-மீட்டர், அதாவது 500 கிலோகிராம்-சென்டிமீட்டர். இதைத் தண்டின் பாதிக் குறுக்களவாகிய 1.9 சென்டிமீட்டரால் வகுத்தால், சாவியின் மேல் விழும் விசை 263 கிலோ. சாவி 1 சென்டிமீட்டர் அகலமும் 5 சென்டிமீட்டர் நீளமும் உடையதாயின் வெட்டுப் பரப்பு 5 சதுர சென்டிமீட்டர். ஆகவே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 53 கிலோவுக்குள்ளேயே சுமை விழுகிறது. மோட்டார் கிளம்பும்பொழுது முறுக்கு இரண்டரை மடங்கானாலும் 132 கிலோவைத் தாண்டாது. சாதாரண எஃகுச் சாவிக்கு 400 கிலோ வரை வெட்டுச்சுமையைக் கணக்கில் கொள்வது வழக்கம்.

அப்படியாயின் இவ்வளவு வலிமையுள்ள சாவி ஏன் வெட்டுண்கிறது? இக்கேள்வியிலேயே இப்பாடத்தின் பயன் அடங்கியிருக்கிறது. அமைதியான சுமையால் சாவி கெடுவதில்லை. பொருத்துவதிலுள்ள குறையாலேயே கெடுகிறது.

முதலாவது, கப்ளிங்கைத் தண்டின் மேல் முழுதும் ஏற்றாமல் விட்டுவிடுவது. 5 சென்டிமீட்டர் சாவியில் ஒன்றரை சென்டிமீட்டரே உள்ளே பிடித்திருந்தால், கிளம்பும் நேரத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 438 கிலோ விழுகிறது. இது வழக்கமான எல்லைக்கு மேற்பட்டது. இரண்டாவது, சாவி பக்கங்களில் தளர்ந்திருப்பது. தளர்ந்த சாவி ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் சம்மட்டிபோல் மோதுகிறது. மோதுதலுக்கு மேற்கண்ட கணக்குச் செல்லாது. மூன்றாவது, மணல் புகுந்து பம்பு திடீரென இறுகுவது. இம்மூன்றாவதில் சாவி வெட்டுண்பது நன்மையே. அது போகாவிடில் தண்டு முறியும். ஆகையால் வெட்டுண்ட சாவிக்குப் பதிலாகப் பழைய அரத்தைத் தேய்த்துக் கடினமான சாவி செய்துகொள்வது சிக்கனமன்று. சாவியின் விலை சில ரூபாய். தண்டின் விலையோ பன்மடங்கு.

பொருத்தும் முறை

சமதளச் சாவி இரு பக்கங்களிலும் இறுக்கமாகவும், மேற்புறம் மட்டும் சிறிது இடைவெளியுடனும் அமர வேண்டும். சரிவுச் சாவியோ நூற்றுக்கு ஒன்று சரிவுடையது. மேலும் கீழும் இறுகியே பிடிக்கும். முன்னதைத் தகரத் துண்டு வைத்தும், பின்னதைப் பக்கங்களை அராவியும் சரிப்படுத்துவது கூடாது. பள்ளம் அகன்றுபோயிருந்தால் லேத்துப் பட்டறையில் வேறிடத்தில் புதுப்பள்ளம் வெட்டுவித்து அதற்கேற்ற சாவி செய்வித்தலே முறை. ஆணியை அடித்து வேலையை ஓட்டுவது ஒரு வாரத்திற்கே ஆகும்.

சரிவுச் சாவிகள் சிலவற்றுக்குப் பிடுங்குவதற்கென்று தலை உண்டு. அத்தலை தண்டுடன் சுழலும்பொழுது கண்ணுக்குத் தெரியாது. வேஷ்டி நுனியையோ, மேல்துண்டையோ, சேலை முந்தானையையோ பற்றினால் ஆளையே சுற்றி இழுத்துவிடும். ஆதலின் கப்ளிங்கின் மீதும் சாவித் தலையின் மீதும் இரும்புத் தகட்டு மூடி போடாமல் ஒரு நாளும் ஓட்டலாகாது.

கப்ளிங் வகைகள்

இரு தண்டுகளும் அணுவளவும் விலகாமல் ஒரே நேர்கோட்டில் நிற்குமிடத்து, தட்டுகளைப் போல்ட்டால் பிணைக்கும் விறைப்பான கப்ளிங் போதும். மோட்டாரும் பம்பும் தனித்தனியே ஓர் இரும்புச் சட்டத்தில் அமர்ந்திருக்குமாயின், ரப்பர் புஷ் உள்ள நெகிழ்வான கப்ளிங் வேண்டும். கரும்பாலைகளில் மேல் உருளை கரும்பின் கனத்துக்கேற்ப ஏறி இறங்க வேண்டியிருப்பதால், சதுர முனைகளின் மேல் தளர்ந்த பெட்டி போன்ற கப்ளிங் வைப்பர். நெகிழ்ச்சியின் அளவை வேலையே தீர்மானிக்கிறது என்பதற்கு இது சான்று.

ரப்பர் இருப்பதால் கோணல் இருந்தாலும் பாதகமில்லை என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. ரப்பர் அதிர்ச்சியைத் தாங்குமேயன்றிக் கோணலை நிமிர்த்தாது. நேர்மட்டப் பட்டையைக் கப்ளிங்கின் விளிம்பில் மேல், கீழ், இரு பக்கம் ஆகிய நான்கிடங்களிலும் வைத்துப் பார்க்க வேண்டும். இரு முகங்களுக்கும் இடையேயுள்ள இடைவெளியும் நான்கிடங்களிலும் ஒன்றாயிருத்தல் அவசியம்.

ஆழ்குழாய்க் கிணற்றில் நீண்ட தண்டுடைய டர்பைன் பம்பு வேறுபட்டது. அதன் தண்டுகள் மறைக் கப்ளிங்குகளால் சேர்க்கப்பட்டவை. சரியான திசையில் சுழலும்வரை இறுகிக்கொண்டே இருக்கும். மின்கம்பி வேலைக்குப் பின் பேஸ் மாறி மோட்டார் எதிர்த்திசையில் ஓடுமாயின் மறைகள் கழன்று தண்டு பிரிந்துபோம். அன்றியும், மின்சாரம் நின்றவுடன் குழாயிலுள்ள நீர் கீழே விழுந்து பம்பைப் பின்னோக்கிச் சுழற்றும். அச்சமயம் மோட்டாரை மீண்டும் கிளப்பினால் தண்டு முறியக்கூடும். எதிர்ச்சுழற்சியைத் தடுக்கும் பற்கட்டை செவ்வையாயிருக்கிறதா எனப் பார்த்துக்கொள்க. தானே கிளப்பும் ஸ்டார்ட்டர் வைத்திருப்போர் நீர் இறங்கும் நேரம் கழிந்த பின்னரே மோட்டார் கிளம்பும்படி அமைத்துக்கொள்க.

பழுதின் அறிகுறிகள்

சாவியின் ஓரத்தில் செந்தூள் கசிந்தால் சாவி தளர்ந்துள்ளது. கப்ளிங்கின் அடியில் ரப்பர்ப் பொடி உதிர்ந்திருந்தால் தண்டுகள் கோணலாயுள்ளன. கிளம்பும்போதும் நிற்கும்போதும் 'டக்' என்ற ஒலி கேட்டால் பள்ளம் அகன்றுள்ளது. இவற்றில் எதைக் கண்டாலும், பயிர் வாடும்வரை காத்திராமல், மெயின் ஸ்விட்சை நிறுத்திவிட்டு அன்றே திறந்து பார்க்க வேண்டும்.

தொகுத்துக் கூறுவது

1. தண்டின் குறுக்களவையும் சாவியின் அளவையும் குறித்து மோட்டார் கொட்டகைச் சுவரில் எழுதி வைக்கவும்.

2. ஒவ்வொரு பம்புக்கும் ஒரு சாவியும் ஒரு ஜோடி ரப்பர் புஷ்ஷும் உபரியாக வைத்துக்கொள்ளவும்.

3. சாகுபடி தொடங்குமுன் ஒருமுறையும், மோட்டாரைக் கழற்றி மாட்டிய ஒவ்வொரு முறையும் நேர்மட்டம் சோதிக்கவும்.

4. மூடியில்லாத கப்ளிங்கை ஓட்டவேண்டாம்.

கிராம அதிகாரிகள் தத்தம் ஊரிலுள்ள குடியானவர்களுக்கு இவற்றை எடுத்துச் சொல்வதோடு, கூட்டுறவுச் சங்கத்தில் மேற்கண்ட மூன்றளவுச் சாவிகளும் கிடைக்க ஏற்பாடு செய்வார்களாயின், நள்ளிரவில் மின்சாரம் வந்தும் நீர் பாய்ச்ச முடியாமல் தவிக்கும் நிலை பெரிதும் குறையும்.