ஒரு சுரப்பி, இரண்டு கதை

மாணவர்களே, ஜெலாப்பாங்கில் என் வகுப்பு மாணவன் ஒருவன் பாடம் முடிந்த பிறகும் வெளியே போகாமல் நின்றான். "டீச்சர், தாத்தாவுக்கு புரோஸ்டேட் புற்றுநோயாம். எனக்கும் வருமா?" தாத்தா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இரவில் நான்கைந்து முறை எழுந்து போனதை வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லையாம்.

அவனுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும்.

முதலாம் படிவ இனப்பெருக்கப் பாடத்தில் 'கெலென்ஜார் புரோஸ்டாட்' என்று படித்திருப்பீர்கள். ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கும் சிறு சுரப்பி அது. பாடப்புத்தகப் படத்தில் ஒரே நிற உருண்டை. ஆனால், ஜான் மெக்நீல் என்ற அமெரிக்க நோயியல் மருத்துவர் அதில் தனித்தனி மண்டலங்கள் இருப்பதைக் காட்டினார். பின்புறமும் பக்கங்களிலும் இருப்பது புறமண்டலம். இளவயதில் சுரப்பித் திசுவில் ஏறத்தாழ 70 விழுக்காடு. குழாயை ஒட்டி இருப்பது இடைமண்டலம்; வெறும் 5 விழுக்காடு. மீதி மைய மண்டலம். அங்கே புற்றுநோய் தோன்றுவது அரிது.

வயதான பிறகு பெருத்துக் குழாயை நெருக்குவது அந்தச் சின்ன இடைமண்டலம்தான். பெரும்பாலான தாத்தாக்கள் இரவில் எழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்த வீக்கம் புற்றுநோய் அன்று. புற்றுநோயோ பத்தில் ஏழு பேருக்குப் புறமண்டலத்தில் தொடங்குகிறது. இடைமண்டலத்தில் தொடங்குவது இரண்டு பேருக்குச் சற்று மேல்.

பால்மரத்துக்கு நோய் என்றால் தோட்டத்தில் அதோடு விட்டுவிடமாட்டார்கள். வேரிலா, வெட்டுப் பட்டையிலா, இலையிலா என்று கேட்பார்கள். புரோஸ்டேட்டிலும் இடத்தைக் கேட்க வேண்டும். ஏனென்றால் மரபணுவே வேறுபடுகிறது.

2005இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையன் (ஆம், தமிழ்ப் பெயர்தான்) குழுவினர் ஒரு விந்தையைக் கண்டார்கள். டவுன் சின்ட்ரோம் பாடத்தில் வரும் அதே 21ஆம் குரோமோசோமில் டிஎம்பிஆர்எஸ்எஸ்2, இஆர்ஜி என்று இரண்டு மரபணுக்கள் உள்ளன. இடையே ஏறத்தாழ 30 லட்சம் எழுத்துகள். பல புற்றுநோய்களில் இந்த இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன. பெரும்பாலும் நடுத்துண்டு அப்படியே தொலைந்துபோகிறது. முதல் மரபணுவின் சுவிட்சை ஆண் ஹார்மோன் தட்டும். இரண்டாவது, புரோஸ்டேட்டில் சும்மா கிடக்க வேண்டியது. வரவேற்பறை விளக்கின் சுவிட்சைத் தண்ணீர் மோட்டாரோடு தவறாக இணைத்தால் என்ன ஆகும்? விளக்கைப் போடும்போதெல்லாம் தொட்டி நிரம்பி வழியும். அதுதான் இங்கும் நடக்கிறது.

மேற்கு நாடுகளில் ஆராய்ந்த புரோஸ்டேட் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் இந்த இணைப்பு இருந்தது. ஆசிய ஆண்களிடம் குறைவு. புறமண்டலப் புற்றுநோயில் அடிக்கடி காணப்படும் இது, இடைமண்டலத்தில் தொடங்கியவற்றில் மிகக் குறைவாகவே இருக்கிறது.

இப்போது அந்த மாணவனின் கேள்விக்கு வருவோம். இந்த இணைப்பு தாத்தாவின் சுரப்பியில், அவர் வாழ்நாளில் உண்டானது. விந்தணுவில் இல்லை, ஆகவே பேரனுக்கு இறங்காது. ஆனால் பிஆர்சிஏ2 போன்ற வேறு சில மரபணுக்களின் பழுது பரம்பரையாக வரலாம், நோய்வாய்ப்பையும் கூட்டலாம். குடும்பத்தில் பலருக்குப் புற்றுநோய் இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மருத்துவர் மலக்குடல் வழியாக விரலால் தொட்டுப் பார்க்கும்போது எட்டுவது புறமண்டலம்தான். முன்பக்கத்து இடைமண்டலக் கட்டி ஊசிக்கும் தப்பிவிடக்கூடும். எம்ஆர்ஐ படம் எடுப்பது அதனால்தான். ஒரே சுரப்பியில் தனித்தனியாகத் தோன்றிய இரண்டு மூன்று கட்டிகள் இருப்பதும் வழக்கம்.

இனி உங்கள் முறை. ஒருவருடைய புறமண்டலத் திசுவில் இந்த இணைப்பு உள்ளது. இடைமண்டலக் கட்டியில் இல்லை. ஒரே புற்றுநோய் பரவியதா, இரண்டும் தனித்தனியே முளைத்தவையா? காரணத்தோடு எழுதி உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.