நாசிக்கின் சின்ன ஒயினரிகளுக்குப் போகிறவர்களுக்கு

ஒயின் உருவாவதைப் பார்க்க நாசிக்குக்குப் போகிறீர்கள் என்றால் ஜனவரி கடைசிக்கும் மார்ச் தொடக்கத்துக்கும் நடுவில் போங்கள். அறுவடை அப்போதுதான். மற்ற மாதங்களில் கழுவிக் கவிழ்த்த தொட்டிகளைப் பார்க்கலாம், வேலையைப் பார்க்க முடியாது. ஜனவரி 26, 30 தேதிகளை விட்டுவிடுங்கள். மகாராஷ்டிரத்தில் அன்று மது விற்பனை கிடையாது. 21 வயது நிரம்பாதவர்களுக்கு ஒயின் தரமாட்டார்கள் என்பதால் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

மும்பையிலிருந்து சுமார் 170 கிலோமீட்டர். ரயில் கசாரா மலைப்பாதை ஏறி நாசிக் ரோடு நிலையத்துக்கு வரும். அங்கே ஒரு டாக்சியை நாள் வாடகைக்குப் பேசிக்கொள்ளுங்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டக் கூடாது. தோட்டத்துப் பக்கம் திரும்பிவர ஆட்டோவை நம்பவும் முடியாது. காலையில் முளைப்பயறுக் குழம்போடு பாவ் தரும் மிசல் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் மதியம்வரை தாங்கும். வெறும் வயிற்றில் ஒயின் சுவைக்கப் போகாதீர்கள்.

போகிற வழியிலேயே பாடம் தொடங்கிவிடும். பந்தல் போட்டுப் படரவிட்டிருந்தால் அது பெரும்பாலும் சாப்பிடுகிற திராட்சை. வேலிபோல் கம்பி கட்டி, கொடியை வரிசையாக நிமிர்த்தி நிறுத்தியிருந்தால் ஒயின் திராட்சை. கிடைத்தால் ஒன்றைப் பறித்துத் தரச் சொல்லி வாயில் போடுங்கள். பழம் சிறியது, தோல் தடிமன், உள்ளே விதை, இனிப்போ கடைத் திராட்சையைவிடத் தூக்கல். நம் கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பன்னீர் திராட்சை பறித்துக்கொண்டிருப்பார்கள். நாசிக்கில் ஏப்ரலில் ஒரு கவாத்து, மழை ஓய்கிற செப்டம்பர் வாக்கில் இன்னொரு கவாத்து, ஆனால் பலன் ஒரே முறைதான். அக்டோபரில் மழை நீண்டால் அடிச்சாம்பல் நோய் வரும். 2014 மார்ச்சில் அடித்ததுபோல் ஆலங்கட்டி மழை வந்தால் ஒரு வருட உழைப்பு ஒரு மாலையில் போய்விடும்.

கங்காபூர் அணைப் பக்கம் சுலா, யார்க், சோமா என்ற மூன்று ஒயினரிகளும் கிட்டக்கிட்ட இருக்கின்றன. ராஜீவ் சாமந்த் தொடங்கிய சுலாவின் முதல் ஒயின் வெளிவந்தது 2000-ல். நாசிக்கை ஒயின் ஊராக நாடறியச் செய்தது அதுதான், பார்க்கத் தவறாதீர்கள். ஆனால் அங்கே கூட்டம் அதிகம். ஒரு சின்ன ஒயினரி எப்படி மூச்சுவிடுகிறது என்று அறிய இகத்புரி பக்கம் முகனே அணையருகே இருக்கும் வலோனேபோல ஓர் இடத்துக்குப் பாதி நாளாவது ஒதுக்குங்கள். முன்கூட்டியே பேசி, தயாரிப்புக்கூடத்தைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள்.

உள்ளே போனதும் முதலில் ஸ்டீல் தொட்டிகளைக் கவனியுங்கள். வெள்ளை ஒயின் சாற்றை 15 டிகிரி அளவில் வைத்துத்தான் நொதிக்க விடுகிறார்கள். வெளியே வெயில் 33-ஐத் தொடும்போதும் தொட்டியின் புறச்சுவரில் நீர்த்துளி அரும்பி நிற்கும். அந்தக் குளிர்ச்சி ஒரு மணி நேரமும் நிற்கக் கூடாது. மின்சாரம் போனால் டீசல் ஜெனரேட்டர். சிவப்பு ஒயின் தொட்டியில் தோலும் விதையும் மேலே எழும்பி, ஆள் அழுத்தினாலும் எளிதில் இறங்காத கனத்த ஏடாகப் படியும். தொழிலாளி நீண்ட கழியால் அதைச் சாற்றுக்குள் அமுக்கிக்கொண்டே இருப்பார். நிறமும் துவர்ப்பும் அந்தத் தோலில்தான் இருக்கின்றன. எட்டிப்பார்க்கும்போது முகத்தைத் தொட்டிக்கு மேல் நீட்டாதீர்கள், கரியமிலவாயு மூச்சைப் பிடிக்கும்.

பிறகு பீப்பாய் அறை. பலரும் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் நின்று கணக்குப் போடுங்கள். ஒரு பீப்பாய் 225 லிட்டர், அதாவது 300 பாட்டில். புதிய பிரெஞ்சு ஓக் பீப்பாய் ஒன்று அரை லட்ச ரூபாயைத் தாண்டும். மூன்று நான்கு ஆண்டுகளில் அதன் மரவாசம் தீர்ந்துவிடும். பாட்டிலுக்கு ஒரு கிலோவுக்கும் மேல் திராட்சை வேண்டும். பழம் தந்த விவசாயிக்கான பணம் இந்த வருடமே போய்விடும். இந்தச் சிவப்பு ஒயினோ ஒரு வருடம் மரத்துக்குள் கிடந்து, பிறகு பாட்டிலிலும் கிடந்துதான் கடைக்குப் போகும். அதுவரை வட்டி ஓடும். பெரிய நிறுவனம் தாங்கும், சிறியது திணறும். குர்நானி குடும்பம் கட்டி வளர்த்த யார்க்கை 2021-ல் சுலாவே வாங்கியது. அதற்கும் முன், 2008-ஐ ஒட்டிய மந்தத்தில் வாங்க ஆளில்லாமல் ஒயின் கொடிகளைப் பிடுங்கிவிட்டுச் சாப்பிடும் திராட்சைக்கே திரும்பிய விவசாயிகள் இந்த மாவட்டத்தில் நிறையப் பேர்.

விற்பதுதான் சின்ன ஒயினரிகளுக்குப் பெரிய மலை. 2001-ல் மாநில அரசு ஒயினுக்கென்று கொள்கை வகுத்து, கலால் வரியில் சலுகை தந்தது. ஆனால் எல்லை தாண்டினால் ஒவ்வொரு மாநிலத்திலும் தனிப் பதிவு, தனி வரி, தனி விநியோகஸ்தர். சில நூறு பெட்டிகளுக்காக அந்தச் செலவு கட்டுப்படியாகாது. அதனால்தான் சின்ன ஒயினரிக்கு வாசலில் விற்கும் பாட்டில் உயிர்நாடி. இடைத்தரகர் பங்கில்லாமல் பணம் அன்றே கைக்கு வருகிறது. சுவைத்துப் பிடித்திருந்தால் அங்கேயே வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். எதை வாங்குவது என்றால், நாசிக்கின் வெள்ளை ஒயின்களில் செனின் பிளாங்கும் சோவிஞ்யோன் பிளாங்கும் இளசாகவே நன்றாக இருக்கும், ஓரிரு வருடத்துக்குள் குடித்துவிடலாம். சிவப்பில் ஷிராஸ்.

கொண்டுபோவதில் கவனம் வேண்டும். விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள். துணி சுற்றி, ஒப்படைக்கும் பெட்டியில் வையுங்கள். உங்கள் மாநிலத்துக்குள் வெளிமாநில மது எவ்வளவு கொண்டுவரலாம் என்பதைப் புறப்படுமுன் விசாரித்துவிடுங்கள். நாசிக்கிலிருந்து சாபுதாரா, சூரத் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் ஒரு பாட்டிலும் எடுக்க வேண்டாம்; எல்லைக்கு அப்பால் குஜராத், மதுவிலக்கு மாநிலம்.